பென்சிலில் எழுதிய குருவி

மலையேறினால் எனக்குச் சிரிப்பு வரும் என்பது நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்கே தெரியாமல் இருந்தது. சிலருக்கு மலையில் காது அடைக்கும், சிலருக்குத் தலை சுற்றும். எனக்குச் சிரிப்பு. பதுளையைத் தாண்டி வேன் மேலே மேலே ஏற, வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல இருந்தது. மேகம் ஒன்று றோட்டைக் குறுக்கே கடந்து போனது, சிரித்தேன். மதில் மேல் நின்ற ஓர் ஆடு எங்களை மேலும் கீழும் பார்த்தது, சிரித்தேன். பின் சீட்டில் தோணிக்கார அண்ணன் சொப்பிங் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு "ஐயோ கடவுளே" என்றார், அதற்கும் சிரித்தேன். அது மட்டும் பாவம்.

உண்மையைச் சொன்னால், பாதிச் சிரிப்பு மலையால் வந்தது, மீதி பயத்தால் வந்தது. அந்த வேனில் இருந்த நாலு பேரில் ஒருத்தி பொய்க்காரி. மற்ற மூன்று பேரும், அவள் நாலு வருஷத்துக்கு முன் கண்டதாகச் சொன்ன ஒரு குருவிக்காகத்தான் மட்டக்களப்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்துகொண்டிருந்தார்கள். அவள் அதைக் கண்டதே இல்லை.

எங்கள் கூட்டம் சின்னது. கல்லடியில் எனக்கொரு தையல்கடை இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடைதான். துணி எடுப்பது காத்தான்குடியில் ஒரு காக்காவின் கடையில். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களில் மூத்தவரைக் காக்கா என்போம், அண்ணன் என்பது போல. ஒருநாள் அவர் எனக்கு வெள்ளைத் துணி அளந்துகொண்டிருந்தார். பாதியில் கோலைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியிலிருந்து பைனோகுலரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். தந்திக் கம்பத்தில் ஒரு கழுகு இருந்தது. அரை மணித்தியாலம் இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு வெயிலில் நின்றோம். துணி அளவு அன்றைக்குப் பிழையாகிப் போனது, நட்பு தொடங்கிவிட்டது.

மூன்றாவது ஆள் தோணிக்கார அண்ணன். வாவியில் முப்பது வருஷமாக வலை போடுகிறவர். வெள்ளிக்கிழமை காலையில் காக்காவின் கடை பூட்டு. பள்ளிவாசலுக்கு நேரமாவதற்குள் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் மூவரும் அண்ணனின் தோணியில் போவோம். கண்டல் ஓரமாகத் தோணியை விட்டுவிட்டு, கூழைக்கடா, நீர்க்காகம், உள்ளான், ஆலா எல்லாவற்றையும் பார்ப்போம். அண்ணனுக்குப் பைனோகுலர் பிடிக்காது. அது இல்லாமலேயே எங்களைவிட நன்றாகப் பார்ப்பார்.

எங்களுக்கென்று ஒரே ஒரு சட்டம் இருந்தது. அதை வகுத்தவர் காக்கா. அவரிடம் நீல மட்டை போட்ட தடித்த கொப்பி ஒன்று இருக்கிறது. புதிதாக ஒரு பறவையை ஒருவர் மட்டும் கண்டால் அதைப் பென்சிலால் எழுதுவார். அதே நேரம் அதே பறவையை இரண்டாவது ஆளும் கண்டால்தான் பேனை. ஒருவர் கண்டதை எழுதுவதற்கு முன்னும் மூன்று கேள்வி கேட்பார்: சொண்டு எப்படி, கால் என்ன நிறம், அது என்ன செய்துகொண்டிருந்தது. பதில் சொல்லிவிட்டால் மேலே ஒரு கேள்வி இல்லை. படம் கேட்க மாட்டார். "போன் பொய் சொல்லும், எங்கட ஆக்கள் சொல்ல மாட்டாங்க," என்பார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

நாலு வருஷத்துக்கு முன் என் கணவரின் உறவில் ஒரு கல்யாணம், மலைநாட்டில். மலை ஏறும்போது நான் நல்ல நித்திரை. அவர் ஹயர் வேன் ஓட்டுகிறவர், கோழியைத் தவிர வேறெந்தப் பறவையிலும் அக்கறை இல்லாதவர். நாங்கள் மலையில் இருந்த அந்த மூன்று நாட்களுக்குள்தான் வாவிக்குப் பூநாரைகள் வந்திறங்கின. அண்ணனே தன் ஆயுளில் அந்தப் பக்கம் காணாத பறவை. காக்காவும் அண்ணனும் சேர்ந்து கண்டு, அந்த நிமிஷமே பேனையால் எழுதியாயிற்று. நான் திரும்பி வந்தபோது அவை போய்விட்டன.

துணி எடுக்கக் கடைக்குப் போனேன். காக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெருநாள் விடிந்த முகம். கையைக் காலை ஆட்டிப் பூநாரை நடந்து காட்டினார். பிறகு ஆசையாகக் கேட்டார்: "நீங்க மலையில என்ன கண்டீங்க, தங்கச்சி?"

காகம் கண்டேன். கல்யாண வீட்டுச் சோற்றுக்கு வந்த மைனா கண்டேன். வேறொன்றும் இல்லை. திரும்பும் வழியில் ஓர் ஆற்றுப் பாலத்தடியில் வேன் சூடேறி நின்றபோது, காட்டுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம் கேட்டது. ஒரு பற்றைச் செடி அசைந்தது. அவ்வளவுதான்.

வாய் தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நானாகத்தான் திறந்தேன். "நீலத்தோளன்," என்றேன்.

அது எங்கள் மூவருக்குள் இருக்கும் பெயர். மலைக்காட்டு ஓடைகளில் மட்டும் இருக்கிற, இந்த நாட்டை விட்டால் வேறெங்கும் இல்லாத ஒரு குருவி. கறுப்பு உடம்பு, தோளில் மட்டும் ஒரு நீலம். வெளிச்சம் வருவதற்கு முன் வந்து, வெளிச்சம் வந்ததும் மறைந்துவிடும். காக்காவின் பறவைப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மூலை மடிந்து மடிந்து கிழிந்தே போயிருந்தது. அவர் வாழ்நாளில் பார்க்க ஆசைப்பட்ட குருவி அது. தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னேன்.

காக்கா கோலைக் கீழே வைத்தார். மூன்று கேள்வியும் கேட்டார். நான் புத்தகத்தில் இருந்தபடி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் கொப்பியை எடுத்து, பென்சிலின் நுனியைத் தொட்டுப் பார்த்து, அழகாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பொறாமை மருந்துக்குக்கூட இல்லாத சிரிப்பு. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம். கடைக்கு யார் வந்தாலும் "இவங்க நீலத்தோளன் கண்டவங்க" என்று என்னை அறிமுகப்படுத்துவார். பள்ளிச் சட்டைக்குத் துணி எடுக்க வந்த தாய்மார் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் பட்டனை எண்ணுவது போலக் குனிந்துகொள்வேன்.

இந்த வருஷம் தைமாதச் சீருடை வேலை முடிந்த கையோடு காக்கா கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். "மாசியில போறம். நீங்க சொன்ன அதே பாலம். பக்கத்தில தங்குறதுக்கு இடமும் கேட்டுட்டன். உங்கட பென்சிலுக்கு மேல மை போடாம இனி நான் நித்திர கொள்ள மாட்டன்."

முழங்கால் வலி என்றேன். தைலம் கொண்டுவந்து தந்தார். மகாஓயா றோட்டில் யானை என்றேன். பகலில் போவோம் என்றார். வேனுக்கு ஹயர் இருக்கும் என்றேன். என் வீட்டுக்காரர், அன்றைக்கென்று பார்த்து, "இல்லையே, ரெண்டு நாள் சும்மாதான் நிக்கிது," என்றார். நாற்பது தரம் கேட்டாலும் ஒரு பதில் சொல்லாத மனிதர்!

செங்கலடிச் சந்தியில் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று வேன் ஏறியது. எந்த அலைக்கும் தோணியில் நிமிர்ந்து நிற்கிற அண்ணன் லுணுகலை வளைவுகளில் மூன்று முறை சத்தி எடுத்தார். "தண்ணியில ஆடினா ஒரு நியாயம் இரிக்கி. தரை ஏன் ஆடுது?" என்று கோபத்தோடு கேட்டார். காக்கா அவருக்குத் தேசிக்காய் மணக்கக் கொடுத்தபடி எனக்குப் புத்தகத்திலிருந்து நீலத்தோளனை வாசித்துக் காட்டினார், நான் கண்டதைச் சரிபார்ப்பதற்காம். நான் சிரித்தேன். மலைச் சிரிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இரண்டு அறை வீடு. பின்னால் தனியாக ஒரு குசினி. அங்கே சமைக்கிற தோட்டத்துப் பெண் எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு, இந்தக் குளிருக்கு இடுப்பில் வெறும் சாரத்தோடு வந்த அண்ணனை ஆச்சரியமாகப் பார்த்தாள். முற்றத்தின் ஓரத்தில் நிலம் சட்டென்று விழுந்து, கீழே, ஐம்பது படிக்குக் கீழே, ஆறு ஓடியது. ஒரு கரை முழுக்கத் தேயிலை. மறுகரை முழுக்கக் காடு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பாலம்.

நாங்கள் வாவிக்காரர். எங்களுக்குப் பறவை என்றால் நேரே, தூரத்தில், தண்ணீருக்கு மேல் இருக்கும். அல்லது தலைக்கு மேலே போகும். முற்றத்தின் ஓரத்தில் நின்று நேரே பார்த்தால் எதிரே மலைதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் மேகம். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது அண்ணன் கீழே கை காட்டினார். எங்கள் காலுக்குக் கீழே, பள்ளத்துக்குள், ஒரு கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகு தெரிந்தது. இறக்கையின் மேல்பக்கம், கழுத்துப் பிடரி, வாலின் மேற்புறம் எல்லாம் தெரிந்தது.

"அல்லாஹ்வே! முதுகு!" என்று காக்கா கத்தினார்.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். எத்தனை வருஷமாகக் கழுகு பார்க்கிறோம், ஒருநாளாவது அதன் முதுகைப் பார்த்திருக்கிறோமா? சத்தி எடுத்துக் களைத்திருந்த அண்ணன்கூடக் குதித்தார். என் வீட்டுக்காரர் வேனுக்குப் பக்கத்தில் நின்று, விசர் பிடித்த மூன்று பேரோடு ஊர் திரும்ப வேண்டுமே என்ற முகத்தோடு பார்த்தார்.

அந்த மகிழ்ச்சியின் நடுவில்தான் காக்கா கேட்டார்: "சரி தங்கச்சி, எந்த இடம்? காட்டுங்க."

கையை நீட்டினேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீருக்குள் பாதி இறங்கி நின்ற ஒரு பெரிய கல்லில் என் விரல் போய் நின்றது. "அந்தக் கல்லுக்கு மேல."

"அண்டைக்கு நீ வேனை விட்டு இறங்கினியா?" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல். "றேடியேற்றருக்குத் தண்ணி விட்டது நானல்லவா. நீ உள்ளுக்கு நித்திர."

"நீங்க வாளியோட போன நேரம் இறங்கினன்," என்றேன். ஒரு பொய்க்கு நாலு பொய் துணை. காக்கா அந்தக் கல்லை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் மூவரும் படி இறங்கிப் போய் அந்தக் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். எங்கள் வழக்கம் முதலில் காது, பிறகு கண். வாவியில் எந்தப் பறவையும் கூப்பிடுவது கேட்கும், அங்கிருந்து கண்ணை அந்தப் பக்கம் திருப்புவோம். இங்கே எதுவுமே கேட்கவில்லை. ஆறு கல்லில் விழுந்து விழுந்து ஓயாமல் இரைந்தது. பக்கத்தில் இருந்த காக்கா பேசுவதே எனக்குக் கேட்கவில்லை.

அண்ணன் ஆற்றை நிதானமாகப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் போல எங்கள் காதுக்குள் கத்திச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்க. காத்து விழட்டும். மறுகா தண்ணி அடங்கும்."

எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. வாவியில் காற்று விழுந்தால் தண்ணீர் கண்ணாடி போலாகும், அக்கரையில் இருமினாலும் கேட்கும். ஆகவே காத்திருந்தோம். ஆறு அடங்கட்டும் என்று மூன்று வளர்ந்த மனிதர்கள், பைனோகுலரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம். தோட்டத்துப் பெண் விறகுக் கட்டோடு படியேறி வந்தவள் எங்களைக் கண்டு நின்றாள்.

"யாருக்குங்க காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"இந்த ஆறு எப்ப அடங்கும் புள்ள?" என்று அண்ணன் கேட்டார்.

அவள் ஆற்றைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், விறகுக் கட்டை இறக்கி வைத்தாள். "நான் பொறந்ததுல இருந்து இது இப்படியேதாங்க கத்திக்கிட்டு கெடக்கு. என்னைக்குமே அடங்கினதில்லையே," என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கும் பற்றிக்கொண்டது. அண்ணன் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்து, சிரித்துக்கொண்டே கல்லில் சறுக்கி, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்தார். அது பாலத்துக்கு அடியால் ஊரைப் பார்த்துப் போய்விட்டது.

அன்றைக்குக் குருவி வரவில்லை. "விடியத்தான் அதுட நேரம்," என்று காக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு!

விடியற்காலையில் மறுபடியும் இறங்கினோம். பனிப்புகார் மூடியிருந்ததில் கல் பாதிதான் தெரிந்தது. அண்ணன் ஒரு காலில் என் வீட்டுக்காரரின் சப்பாத்து, மறுகாலில் மிஞ்சியிருந்த தன் செருப்பு, தலையில் என் சால்வை. காக்கா கொப்பியைச் சேர்ட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். கையில் ஒரு புதுப் பேனை. இதற்கென்றே வாங்கியது. குளிரில் அது எழுதவில்லை. உள்ளங்கையில் கீறிப் பார்த்தார், வாயால் ஊதிப் பார்த்தார், பிறகு இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துச் சூடாக்கிக்கொண்டு, நான் காட்டிய கல்லைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இந்த மனிதர் ஆறு மணித்தியாலம் பயணம் செய்து வந்து, அறுபது வயதில், நடுங்கிக்கொண்டு, என் பொய்யைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அழுகை வந்தது. "தேத்தண்ணி கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன்.

குசினி பூட்டியிருந்தது, அந்தப் பெண் இன்னும் வரவில்லை. பின்பக்கம் போனேன். காட்டிலிருந்து வருகிற ஒரு சின்ன வாய்க்கால் அங்கே குசினிச் சுவரோரமாகப் போகிறது. முதல் நாள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் பக்கத்தில் கிடந்தன. ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, காக்காவிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் பாடமாக்கினேன். "காக்கா, ஒரு விசயம். கோவிக்கக் கூடாது. அண்டைக்கு நான்..." அதற்கு மேல் வரவில்லை. திரும்பவும் தொடங்கினேன். "காக்கா, ஒரு விசயம்..."

சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது.

எலி என்று நினைத்தேன். எலி பானையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றது. அதற்கு இரண்டு கால்கள் இருந்தன. கறுப்பு. ஐந்தடி தூரம்கூட இல்லை. தலையைச் சாய்த்து, இந்த நேரத்தில் இவள் யார் என்று கேட்பது போல என்னைப் பார்த்தது. பிறகு என்னை ஒரு பொருட்டாகவே எடுக்காமல், வாய்க்கால் விளிம்பில் ஒரு நத்தையைப் பிடித்து, கல்லில் டொக் டொக் என்று அடித்தது. அடித்த வேகத்தில் வால் விரிந்து மூடியது. திரும்பியது. தோள்.

நான் இருபத்தைந்து வருஷமாக நூலும் துணியும் பார்க்கிறவள். எந்த நீலம் கேட்டாலும் பெட்டியைத் திறக்காமலே எனக்குச் சொல்லத் தெரியும். அந்த நீலம் எனக்குத் தெரியாது. மூச்சை எப்படி விடுவது என்பது மறந்து போனது. போன் சட்டைப் பைக்குள்தான் இருந்தது, எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஏறி, கால், வயிறு, தொண்டை என்று நிரம்பி, அதற்கு மேல் இடமில்லாமல், நான் வாளியிலிருந்து எழும்பிக் கத்திவிட்டேன்.

"கண்டன்! காக்கா, கண்டுட்டன்! ஓடி வாங்க! நீலத்தோளன்! என்ட வாழ்க்கையில முதல் முதலாக் கண்டுட்டன்!"

குருவி எந்தப் பக்கம் போனது என்றுகூடத் தெரியவில்லை. பானை உருண்டது. கையைத் தட்டிக்கொண்டு, வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, கண்ணீர் வடிய, "முதல் முதலா, முதல் முதலா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடி வந்தார், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து, கீழே இருந்தவர்களுக்கும் கையைக் காட்டிவிட்டு. பின்னால் ஐம்பது படியும் ஏறி அண்ணன். அவருக்குப் பின்னால், நெஞ்சைப் பிடித்தபடி காக்கா.

"எங்க? எங்க?"

"போயிற்று காக்கா, ஆனா கண்டன்! இந்தா, இந்தப் பானையடியில!"

காக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"முதல் முதலா எண்டா?" என்றார். "அப்ப அண்டைக்குக் கல்லுக்கு மேல கண்டது?"

பாடமாக்கியதெல்லாம் மறந்துவிட்டது. "அண்டைக்கு ஒண்டும் காணல்ல காக்கா," என்றேன். "விசில் கேட்டுச்சு. பற்றை ஆடிச்சு. நீங்க பூநாரை கண்டுட்டீங்க எண்ட எரிச்சலில பொய் சொன்னன்."

வெட்கத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளும் சந்தோசம் அடங்க மாட்டேன் என்றது. அழுதபடி சிரித்தேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயம்.

காக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல், பானையை நிமிர்த்தி வைத்து, வாளியில் உட்கார்ந்தார். "சொண்டு?" என்றார்.

"தெரியா. நத்தையைப் பாத்துக்கொண்டிருந்தன்."

"கால்?"

"ரெண்டு கால், காக்கா. நிறம் ஞாபகம் இல்ல."

"என்ன செஞ்சிச்சு?"

அதற்கு மட்டும் நான் நிறுத்தவே இல்லை. தலையைச் சாய்த்தது, நத்தையை அடித்தது, வால் விரிந்தது, என்னைக் கணக்கிலேயே எடுக்காதது, பானையைச் சுற்றி வந்தது எல்லாம் நடந்து காட்டினேன், அவர் பூநாரை நடந்து காட்டியது போல. டொக் டொக் என்று சத்தமும் போட்டேன்.

அந்த நேரம் தோட்டத்துப் பெண் சாவியோடு வந்துவிட்டாள். "அந்தக் கருப்புக் குருவியா? அது தெனமும் காலையில பாத்திரம் கழுவுற எடத்துக்கு வருமேங்க. இதுக்கா இந்தச் சத்தம்?"

அண்ணன் உடனே எனக்காக வாதாடினார். "இந்தப் புள்ள தினமும் காணுதெண்டா ரெண்டு பேர் கண்ட மாதிரித்தானே. பேனையால எழுதுங்க காக்கா."

"இந்தப் புள்ள கண்டது நேத்து. தங்கச்சி கண்டது இண்டைக்கு. சேராது," என்றார் காக்கா.

"நான் குருவியக் காணல்ல," என்று என் வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். "ஆனா இவட மூஞ்சியக் கண்டன். கல்யாணத்தண்டைக்கும் இந்த மூஞ்சி இல்ல. இது பொய் மூஞ்சி இல்ல, அதுக்கு நான் சாட்சி."

"புருசன்ட சாட்சி எடுபடாது," என்றார் காக்கா. சொல்லும்போது அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது போல எனக்குப் பட்டது.

பத்து மணி வரை குசினிக்குப் பின்னால் நால்வரும் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். என் கத்தலுக்குப் பிறகு எந்தக் குருவிதான் வரும்? மறுநாள் காலை வேனுக்குக் கல்யாண ஹயர். காக்கா கிழிந்த மூலையுள்ள புத்தகத்தைப் பைக்குள் வைத்தார், பேனையை வைத்தார். வாழ்நாள் ஆசையோடு வந்தவர் ஒரு கழுகின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார். என் பொய் அவரைக் கல்லுக்கு முன் உட்கார வைத்தது, என் சத்தம் குருவியைத் துரத்தியது. நான் மட்டும் கண்டேன். அது சரியில்லை என்று வளைவுக்கு வளைவு நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அந்த நீலம் ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்கச் சால்வையைக் கடித்துக்கொண்டேன்.

மகாஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். கடை வாங்கில் உட்கார்ந்து காக்கா கொப்பியை விரித்தார். நாலு வருஷத்துக்கு முந்திய அந்த வரியை அழிறப்பரால் அழித்தார், அவசரமில்லாமல், தூளை ஊதி ஊதி. பிறகு பென்சிலை எடுத்து அதே இடத்தில் அதே பெயரை எழுதி, அன்றைய திகதியைப் போட்டார். கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அண்டைக்குப் புத்தகம் மாதிரிச் சொன்னீங்க," என்றார். "நான் அப்பவே யோசிச்சிருக்கணும். குருவியக் கண்ட ஆருக்கு மூண்டு கேள்விக்கும் பதில் தெரியும்?"

என் தேத்தண்ணிக்குள் கண்ணீர் விழுந்தது. அண்ணன் ஒற்றைச் செருப்போடு எழும்பிப் போய் எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொன்னார்.

காத்தான்குடிக்குள் வேன் நுழையும்போது வெயில் இறங்கிவிட்டது. உப்புக் காற்று முகத்தில் பட்டதும் என் மலைச் சிரிப்பு போய்விட்டது. கடை வாசலில் காக்கா இறங்கினார். பையை எடுத்தார், கதவைச் சாத்தினார், இரண்டு அடி போனார், திரும்பி வந்து என் ஜன்னலில் கை வைத்தார்.

"வாற மாசியில மறுகா போவம் தங்கச்சி, நான் ரெண்டாம் ஆளா. எங்க இரிக்கணும் எண்டு மட்டும் இந்தமுறை சரியாச் சொல்லுங்க."

"குசினிக்குப் பின்னால, காக்கா," என்றேன். "வாய்க்காலடியில. அந்த வாளியில."